எல்லாம் நார்மல், ஆனாலும் நோகிறது

உடம்பு படுத்தும் பாட்டைச் சொல்லத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, மதமதப்பு, கிறுகிறுப்பு, படபடப்பு, அசதி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒன்று மற்றொன்றாகாது. நாளெல்லாம் நின்று வேலை பார்த்த காலில் வருவது கடுப்பு. ராத்திரி படுத்த பிறகு எலும்புக்குள் புகுந்து வருவது குடைச்சல். இவ்வளவு நுட்பமாகச் சொல்லத் தெரிந்த ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், ஓ.பி. சீட்டில் எல்லாம் 'உடல்வலி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்து இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன். முடிவில் ஒரு பதில் வருகிறது: “எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமில்லை.”

நோவு மட்டும் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.

என் சித்தியிடம் ஜவுளிக்கடைப் பை ஒன்று இருந்தது. ஒன்பது வருடத்துச் சீட்டுகளும் படங்களும் அதற்குள் இருந்தன. காலில் எரிச்சல், ஓயாத அசதி, தோளிலும் முதுகிலும் இடம் மாறி மாறி வரும் வலி. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், வயிற்று டாக்டர் என்று சுற்றினார். நடுவில் சித்த வைத்தியம், அப்புறம் குறி கேட்டது, மந்திரித்துக் கயிறு கட்டியது. ஒவ்வொரு இடத்திலும் அந்தப் பையைப் பிரித்துக் காட்டினார். பை பெருத்ததே தவிர விடை வரவில்லை. அவருடைய பையை முன்னால் வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். காரணம் பிடிபடாமல் நீடிக்கும் உடல் தொல்லைகளைப் பற்றி மருத்துவம் இதுவரை என்ன கற்றிருக்கிறது? எங்கே தவறியிருக்கிறது? விடை கிடைக்கும்வரை ஒருவர் என்ன செய்வது?

எத்தனை பேர்?

இது அபூர்வமான நிலை அன்று. அமெரிக்காவில் குரோன்கே, மாங்கல்ஸ்டார்ஃப் என்ற இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. பொது மருத்துவப் பிரிவுக்கு வந்த 1,000 நோயாளிகளின் பதிவேடுகளில் நெஞ்சுவலி, அசதி, தலைசுற்றல், தலைவலி, முதுகுவலி உள்ளிட்ட 14 பொதுவான தொல்லைகளை அவர்கள் தேடினார்கள். உறுதியான உடற்காரணம் கண்டறியப்பட்டது வெறும் 16 சதவீதத்துக்குத்தான். 2001-இல் லண்டனில் ஏழு சிறப்புப் பிரிவுகளின் புறநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் 52 சதவீதம் பேரின் தொல்லைக்கு மருத்துவ விளக்கம் கிடைக்கவில்லை. மகளிர் மருத்துவப் பிரிவில் அது 66 சதவீதம்.

இந்த எண்களைப் பதற்றமில்லாமல் படிக்க வேண்டும். உடம்பில் தோன்றும் தொல்லைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே அடங்கிவிடும். காரணம் தெரியாமலே போனாலும் நட்டமில்லை. அடங்காமல் மாதங்களாக, வருடங்களாக நீடிப்பவை ஒரு பங்குதான். ஆனால் வேலையையும் தூக்கத்தையும் உறவுகளையும் தின்பது அந்தப் பங்கே.

பெயர் மாறியது, சந்தேகம் மாறவில்லை

காரணம் தெரியாத நோவுக்கு ஒவ்வொரு காலமும் ஒரு பெயர் வைத்தது. ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கியது 'ஹிஸ்டீரியா'. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. பெண்ணின் உடலையே குற்றவாளியாக நிறுத்திய பெயர். பாரிஸ் மருத்துவர் பால் பிரிக்கே 430 நோயாளிகளைக் கவனித்து 1859-இல் எழுதிய நூலில், இது கருப்பை நோயன்று, ஆண்களுக்கும் வருகிறது என்று காட்டினார். அதே நகரத்தின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் ழான் மார்த்தேன் சார்க்கோ இதை நரம்பு மண்டலத்தின் கோளாறாகப் பார்த்தார். அவரிடம் பயின்ற சிக்மண்ட் ஃபிராய்டு, ஜோசப் பிராயருடன் சேர்ந்து 1895-இல் வெளியிட்ட நூலில், அடக்கப்பட்ட மனத்துயரம் உடலறிகுறியாக உருமாறுகிறது என்றார். அதற்குப் பிறகு நோயாளியின் வலி அவர் வாழ்க்கைக் கதைக்குள் கரைந்துபோனது. கதை கிடைக்காவிட்டால், அவர் மறைக்கிறார் என்று பொருள் கொண்டவர்களும் உண்டு.

இன்னொரு பெயர் நமக்கு நெருக்கமானது. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869-இல், சோர்வும் தலைவலியும் தூக்கமின்மையும் சேர்ந்த நிலையை நரம்பு வலுவிழப்பு என்ற பொருள் தரும் சொல்லால் அழைத்தார். மேற்கில் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. சீனாவில் நீடித்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹூனான் மாகாணத்தில் அந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்த 100 நோயாளிகளை ஆர்தர் கிளைன்மன் ஆராய்ந்தபோது, 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது தெரிந்தது. அவர்கள் சொன்னதோ தலைவலியையும் தூக்கமின்மையையும்தான். தமிழ்நாட்டில் அதே பொருள் தரும் 'நரம்புத் தளர்ச்சி' இன்றும் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒருமுறை லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்களின் முதலீடே அந்தச் சொல்தான். ஆஸ்பத்திரியில் “ஒண்ணுமில்லை” என்று கேட்டு வந்தவருக்கு, “உங்களுக்கு இன்னது இருக்கிறது” என்று சொல்லும் சுவரொட்டி ஆறுதலாகத் தெரிவதில் வியப்பில்லை. மருத்துவம் கைவிடும் இடத்தில்தான் போலி வைத்தியம் கடை விரிக்கிறது.

அதிகாரபூர்வ வகைப்பாடுகளும் மாறிவந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு ஒரு முக்கியமான திருத்தம் செய்தது. மருத்துவ விளக்கம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு மனநோய்ப் பெயர் சூட்டக் கூடாது என்று, அப்படிச் சூட்ட இடம்தந்த பழைய நிபந்தனையை நீக்கியது. காரணம் தெரியாமை என்பது நோயாளியின் குணமன்று; அன்றைய அறிவின் எல்லை. இந்தத் தெளிவுக்கு வந்துசேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

'நார்மல்' எதைச் சொல்கிறது?

ஆய்வுக்கூடத் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எல்லை அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் நலமாக இருப்பவர்களில் 95 சதவீதம் பேருக்கு இருக்கும் அளவுதான் அந்த எல்லை. ஆகவே நலமாக இருப்பவர்களிலும் 20-இல் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஒன்றிலாவது 'கோளாறு' காட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். எல்லைக்குள் இருந்தால் நோயில்லை என்பதும், வெளியே போனால் நோய் என்பதும் இரண்டுமே அவசர முடிவுகள்.

அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பது. காலில் எரிச்சலும் மதமதப்பும் உள்ளவருக்கு நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்கிறார்கள். அது பருத்த நரம்பிழைகளைத்தான் அளக்கும். எரிச்சலையும் சூட்டையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் பழுதானால் அந்தப் பரிசோதனைக்குத் தெரியாது. தோலில் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். அதுபோல, எழுந்து நின்றால் கிறுகிறுப்பும் படபடப்பும் வருகிறது என்பவருக்குப் படுக்க வைத்து இ.சி.ஜி. எடுத்தால் நார்மலாகவே இருக்கும். நின்ற 10 நிமிடத்துக்குள், இரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமலே, நாடித்துடிப்பு 30-க்கு மேல் ஏறி அப்படியே நீடிக்கிறதா என்று பார்த்தால் வேறு கதை வெளிவரலாம். 'போட்ஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிலை அது. கண்டுபிடிக்க ஒரு கடிகாரமும் பி.பி. கருவியும் பொறுமையும் போதும்.

தமிழ்நாட்டில் மிகச் சாதாரணமான காரணங்களே தப்பிவிடுகின்றன. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதை அளக்க ஃபெரிட்டின் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தபோது அசதி குறைந்ததைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு சொல்லும் மாநிலத்தில், இதைத் தேடாமல் “சும்மா அசதி” என்று அனுப்புவது நியாயமில்லை. பி12 குறைந்தால் கால் எரியும், மரக்கும், நினைவு மங்கும். இரத்தசோகை இல்லாமலே இவை வரலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், வயிற்றெரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையும் வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பு கூடுகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் சிலருக்குத் தசைவலி தருகிறது. சில சமயம் காரணம் நோயாளி கையோடு கொண்டுவரும் மாத்திரைப் பெட்டியிலேயே இருக்கிறது.

விடை பிறகு வந்த கதைகள்

அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் வட்டாரத்தில் உழைக்கும் மக்கள் முதுகு விறைத்து, மூட்டு மடங்காமல் அவதிப்பட்டார்கள். வயதுக்கு முன்பே கூன் விழுந்தது. 1937-இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர் அதை ஆராய்ந்து, குடிக்கும் கிணற்று நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடுதான் எலும்பில் படிந்து இப்படிச் செய்கிறது என்று எழுதினார்கள். எலும்பைத் தாக்கும் ஃபுளோரோசிஸ் பற்றி இந்தியாவில் செய்யப்பட்ட முன்னோடி ஆய்வு அது. ஒவ்வொருவரையும் தனித்தனியே படுக்கவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தால் இந்த விடை வந்திருக்காது. ஊரே ஏன் நோகிறது என்று கேட்டதால் வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. அவற்றுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருந்தது. 2013-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அங்கெல்லாம் மூட்டுவலியோடு வருபவரிடம் “எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?” என்று கேட்பதும் ஒரு பரிசோதனைதான்.

இரைப்பைப் புண்ணின் கதை உலகறிந்தது. கவலையும் காரமும் அமிலமும்தான் காரணம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் 1982-இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். பலர் நம்ப மறுத்ததால் மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து வயிற்றழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் எத்தனையோ பேர், கவலைப்படுவதால்தான் உனக்கு இந்த வயிற்றுவலி என்ற பழியைச் சுமந்திருந்தார்கள்.

இன்னொன்று அண்மைக் காலத்தது. திடீரென்று பிதற்றலும் வலிப்பும் வினோதமான அசைவுகளும் வந்த இளம்பெண்கள் மனநலப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டுவந்தார்கள். 2007-இல் ஜோசப் தல்மாவ் குழுவினர், மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை உடலின் எதிர்ப்புச்சக்தியே தாக்கும் நோய் இது என்று காட்டினார்கள். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் மீள்கிறார்கள். 2006-இல் இந்த நோய் வந்தவருக்கு உலகின் எந்த மருத்துவமனையிலும் இந்தப் பெயர் கிடைத்திருக்காது.

இத்தகைய தேடலுக்கென்றே அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனம் 2008-இல் கண்டறியப்படாத நோய்களுக்கான திட்டத்தை வில்லியம் கால் தலைமையில் தொடங்கியது. அதிலிருந்து விரிந்த மருத்துவமனை வலையமைப்பு 2018-இல் தன் கணக்கை வெளியிட்டது. முழுமையாக ஆராயப்பட்ட 382 பேரில் 132 பேருக்கு, அதாவது 35 சதவீதத்தினருக்கு, விடை கிடைத்தது. மரபணு முழுவதையும் படித்து, பல துறை வல்லுநர்கள் ஒன்றாக அமர்ந்து தேடியும் மூன்றில் இரண்டு பங்கினர் விடையின்றியே திரும்பினார்கள். நம்பிக்கை, அடக்கம் இரண்டையும் இந்த எண் ஒருசேரக் கற்றுத் தருகிறது.

தேடலும் தீங்கு செய்யும்

மேலே சொன்ன கதைகளை மட்டும் படித்தால், விடாமல் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் அகப்படும் என்று தோன்றும். பல குடும்பங்கள் நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுப்பது இந்த எண்ணத்தில்தான். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

1994-இல் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஓரிடத்திலாவது வட்டு பிதுங்கியிருந்தது. எல்லா வட்டுகளும் குறையின்றி இருந்தவர்கள் 36 சதவீதமே. வலியுள்ள ஒருவருக்கு இதே படம் எடுத்தால் “டிஸ்க் நழுவியிருக்கு” என்ற சொல் வீட்டுக்கு வரும். பிறகு அவர் குனியப் பயப்படுவார், குடம் தூக்கப் பயப்படுவார், நடையைக் குறைப்பார். தசை வலுவிழக்கும், வலி கூடும். படத்தில் தெரிவதெல்லாம் காரணமாகிவிடாது.

நார்மல் என்ற முடிவு நிம்மதி தருமா? பெருநோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்வதால் அவர்களின் கவலையோ தொல்லையோ குறைகிறதா என்று 14 சோதனைகளைத் தொகுத்து ரோல்ஃப், பர்ட்டன் 2013-இல் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒன்றும் குறையவில்லை. ஏன் என்பது எனக்குச் சித்தியைப் பார்த்துத்தான் புரிந்தது. “ஒண்ணுமில்லைன்னா அப்ப ஏன் நோவுது?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நார்மல் என்பது பதிலாகாது.

தவறவிடும் அச்சமும் அளவோடு இருக்க வேண்டும். லண்டன் நரம்பியல் மருத்துவமனையில் ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்ட 85 பேரைப் பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்த எலியட் ஸ்லேட்டர், பலருக்கு உண்மையில் உடல்நோய் இருந்ததை 1965-இல் வெளிப்படுத்தினார். மருத்துவ உலகுக்கு அது பெரிய எச்சரிக்கையாக அமைந்தது. ஆனால் ஜான் ஸ்டோன் குழுவினர் 2005-இல் 27 ஆய்வுகளின் 1,466 நோயாளிகளைத் தொகுத்தபோது, தவறாகக் கண்டறிந்த விகிதம் 1950-களில் 29 சதவீதமாக இருந்து, 1970-களிலிருந்து 4 சதவீதமாகக் குறைந்திருந்தது. கவனமாகப் பரிசோதித்த ஒருவர் பெருநோய் இல்லை என்றால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். நம்பக் கூடாதது, அதனால் உங்கள் நோவு நோவே இல்லை என்று அடுத்து வரும் வாக்கியத்தை.

உடலா, மனமா?

'உளைச்சல்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். கை கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்றும் சொல்கிறோம். 'நோவு' உடம்புக்கும் உண்டு, உள்ளத்துக்கும் உண்டு. சங்க இலக்கியத்தில் காதலின் துயரத்துக்கும் 'நோய்' என்றே பெயர். மொழி கட்டாத மதிலை மருத்துவமனைகள் கட்டின. ஸ்கேனில் தெரிந்தால் உடல், தெரியாவிட்டால் மனம் என்று இரண்டு வாசல் வைத்தன.

அண்மைக்கால வலி அறிவியல் அந்த மதிலைத் தளர்த்தியிருக்கிறது. காயத்துக்குப் பிறகு தண்டுவட நரம்பணுக்களே கூருணர்வு பெற்றுவிடுவதைக் கிளிஃபர்ட் வூல்ஃப் 1983-இல் காட்டினார். திருட்டுக்காக வைத்த கார் அலாரம் பூனை உரசினாலும் அலறுவதைப் போன்றது இது. கார் திருடு போகவில்லை என்பது உண்மை. அலாரம் அடிப்பதும் உண்மை. காயமோ நரம்புப் பழுதோ தெரியாமல், வலியை உணரும் அமைப்பே மாறியதால் வரும் வலியைத் தனி வகையாகப் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் ஏற்றுக்கொண்டது. உடல் முழுவதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா இதற்கு எடுத்துக்காட்டு. கை கால் செயலிழக்கும் இன்னொரு நிலை உண்டு. நரம்பு அறுந்திருக்காது, அதன் இயக்கம் மட்டும் தடம் மாறியிருக்கும். அதை ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. மற்றக் காலைத் தூக்கும்போது பலவீனமான கால் தானாக அழுத்துகிறதா என்று பார்க்கும் ஹூவர் குறி போன்ற நேரடிச் சான்றுகள் உண்டு. 1908-இல் விவரிக்கப்பட்டது அது.

கிருமி போன பின்னும் தொல்லை தங்குவது நமக்குத் தெரிந்ததே. 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டைப் புரட்டியபோது, காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. மூட்டுவலி விட மாதங்கள் ஆயின. வயிற்றுப்போக்குத் தொற்று வந்தவர்களில் சுமார் 10-இல் ஒருவருக்குப் பிறகு குடல் எரிச்சல் நோய் வருகிறது. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 292 ஊழியர்களுக்குப் பரவிய இனந்தெரியாத நோயை, 15 ஆண்டுகள் கழித்து இரு மனநல மருத்துவர்கள், நோயாளிகளை நேரில் பார்க்காமல் பதிவேடுகளைப் படித்து, கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நீடித்த சோர்வு நோயாளிகள் மீது அந்த நிழல் பல பத்தாண்டுகள் விழுந்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் சரியாகும் என்ற சிகிச்சையை 2011-இல் வெளியான பெரிய சோதனை ஒன்று ஆதரித்தது. சிறு உழைப்புக்கே மறுநாள் படுக்கையில் விழும் நோயாளிகள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 2021-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அந்தச் சிகிச்சையை அளிக்கக் கூடாது என்று வழிகாட்டுதலைத் திருத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் தொல்லைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வரையறை தந்தது. 'நீண்ட கோவிட்' என்ற பெயரை முதலில் வைத்தவர்கள் நோயாளிகளே.

மனத்தின் பங்கும் உண்மையே. கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் விக்ரம் படேல் குழுவினர் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைப்படுதல் என்று சொன்ன பெண்களுக்குத் தொற்று இருந்ததைவிட, குடும்பத் துயரமும் மன அழுத்தமும் இருந்ததே அந்தத் தொல்லையோடு வலுவாக இணைந்திருந்தது. இதைச் சொல்லும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உன் வாழ்க்கையின் பாரம் உன் உடம்பிலும் இறங்குகிறது, இரண்டையும் பார்ப்போம் என்று சொல்வது ஒன்று. எல்லாம் மனசுதான் போ என்பது வேறு.

யார் சொன்னால் நம்புகிறார்கள்?

“எல்லாம் மனசுதான்” என்று கேட்டு வருபவர்களில் பெண்கள் மிகுதி. உலகில் இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, சுமார் 19 கோடிப் பேருக்கு, கருப்பை உட்படலம் வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. பெயர் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொடக்க நிலையில் சாதாரண ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பது ஒரு காரணம். “தூரம் வந்தா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ” என்று வீட்டிலேயே பாட்டியும் அம்மாவும் சொல்லிவிடுவது மற்றொரு காரணம். வலியைப் பொறுப்பது பெண்ணுக்கு அழகு என்று வளர்க்கிறோம். பொறுக்க முடியாமல் அவள் வாய் திறக்கும்போது, நாடகமாடுகிறாள் என்கிறோம்.

வறுமை இன்னொரு திரை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, விடியற்காலை டோக்கன் வாங்கி, மதியம் உள்ளே போகிறவருக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடம். அந்த நேரத்தில் அவருக்கு வாயில் வருவது ஒரு சொல். மருத்துவர் கைக்கு வருவது ஒரு வலி மாத்திரை. மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கதவுக்கு வெளியே இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள்.

விடைக்குக் காத்திராமல்

அப்படியானால் வழி என்ன? ஆய்வுகள் காட்டும் பாதை எளிமையானது, ஆனால் நேரம் கேட்பது. 1975-இல் பிரிட்டனில் ஹாம்ப்டன் குழுவினர் 80 புதிய நோயாளிகளைக் கவனித்தார்கள். இறுதியில் உறுதியான நோயை 66 பேருக்கு அவர்கள் வரலாற்றைக் கேட்ட அளவிலேயே சொல்லிவிட முடிந்தது. 1984-இல் அமெரிக்காவில் அளந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டார். 2002-இல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் விட்டுப் பார்த்தார்கள்; சராசரியாக 92 நொடியில் நோயாளிகள் தாமே சொல்லி முடித்தார்கள். ஒன்றரை நிமிடம்தான் வேண்டியிருந்தது.

இலங்கையில் அதுல சுமதிபால குழுவினர் விளக்கம் கிடைக்காத தொல்லையுள்ள 150 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிந்தனை, நடத்தை சார்ந்த உளச்சிகிச்சையும் மறு பிரிவுக்கு ஒழுங்குமுறையான தொடர் கவனிப்பும் கொடுத்தார்கள். 2008-இல் வந்த முடிவில் இரண்டு பிரிவும் முன்னேறின. ஒன்றைவிட மற்றொன்று மேலாக இல்லை. அக்கறையுள்ள மருத்துவர் முறையாக மறுபடி மறுபடி பார்ப்பதே மருந்தாகலாம் என்று நான் இதைப் படிக்கிறேன். 2024-இல் பிரிட்டனில் கிறிஸ் பர்ட்டன் குழுவினர் 354 பேரிடம் நடத்திய சோதனையும் அதே திசையைக் காட்டியது. பயிற்சி பெற்ற பொது மருத்துவர்கள் நோயாளி சொல்வதை முழுதாகக் கேட்டு, தொல்லை உண்மை என்று ஏற்று, உடலில் என்ன நடக்கிறது என்று புரியும்படி விளக்கி, செய்யக்கூடியதைச் சேர்ந்து திட்டமிட்டார்கள். ஓராண்டு கழித்து அவர்களிடம் வந்தவர்களின் தொல்லை, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

நோயாளி செய்யக்கூடியதும் உண்டு. பத்து மருத்துவரிடம் ஒருமுறை போவதைவிட ஒரு மருத்துவரிடம் பத்துமுறை போவது நல்லது. எந்தப் பரிசோதனைக்கு முன்பும் “இது எதைக் காட்டும், எதைக் காட்டாது?” என்று கேட்கலாம். “எது மாறினால் நான் உடனே வர வேண்டும்?” என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். காரணமின்றி எடை குறைவது, விடாத காய்ச்சல், மலத்திலோ சளியிலோ இரத்தம், விழுங்கச் சிரமம், கை கால் வலுவிழப்பு, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை ஆகியவை தாமதிக்கக் கூடாதவை. இவை இல்லாதபோது, தேடல் ஒரு பக்கம் நடக்கட்டும். தூக்கத்தைச் சீராக்குவது, உடம்பு தாங்கும் அளவுக்கு அசைவு, மனச்சோர்வு இருந்தால் அதற்கான சிகிச்சை, வலியைத் தணிக்கும் மருந்து எல்லாம் மறுபக்கம் இன்றே தொடங்கட்டும். பெயர் தெரிந்த பிறகுதான் ஆறுதல் தருவோம் என்று எந்த நோவையும் காக்க வைக்க வேண்டியதில்லை.

சித்திக்கு ஒன்பதாவது வருடத்தில் வாய்த்த ஒரு டாக்டரம்மா பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “இதெல்லாம் அப்புறம் பாக்கறேம்மா. எப்ப ஆரம்பிச்சது, முதல்ல எங்க நொந்தது, சொல்லுங்க” என்றார். சித்தி சொல்லச் சொல்ல எழுதினார். எது கடுப்பு, எது குடைச்சல், எது எரிச்சல் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எரிச்சல் தொடங்கியது சர்க்கரை மாத்திரை ஆரம்பித்துச் சில வருடம் கழித்து என்பது அப்போதுதான் வெளிவந்தது. பி12 பார்த்தார்கள், மிகக் குறைவாக இருந்தது. ஊசி போட்டபின் எரிச்சல் மெல்ல அடங்கியது. தோள்வலிக்கும் முதுகுவலிக்கும் இன்றுவரை காரணம் தெரியாது. அதோடு சித்தி நடக்கிறார், கோயிலுக்குப் போகிறார், சில நாள் படுத்துவிடுகிறார். ஆனால் “ஒண்ணுமில்லைன்னா ஏன் நோவுது?” என்று இப்போது யாரிடமும் கேட்பதில்லை.

டாக்டரம்மாவைப் பார்த்துவந்த அன்றிரவு அந்தப் பையை நான் எடுத்து அடுக்கினேன். படங்கள் இயந்திரம் எடுத்தவை, எண்கள் ஆய்வுக்கூடம் தந்தவை, பெயர்கள் மருத்துவர்கள் எழுதியவை. ஒன்பது வருடத்துக் காகிதத்தில் சித்தி சொன்ன சொல் ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அந்த ஒற்றைத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.